அடுப்பில் என்ன இருக்கிறது? ஃபிக்மாவின் போஸ்ட்கிரெஸ், ஒரு நிகழ்வு ஆய்வு

2020-ல் ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருளின் மெட்டாடேட்டாவில் (கோப்புகளைப் பற்றிய தகவல்களில்) பெரும்பகுதி போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் ஓடும் ஒரே ஒரு தரவுத்தளத்தில் இருந்தது. தரவுத்தளங்களை வாடகைக்குத் தரும் அமேசானின் ஆர்டிஎஸ் சேவையில் ஓடிய ஒற்றைப் பெரிய சர்வர் அது. வடிவமைப்பாளர்கள் உலாவியிலேயே திறந்து பலர் சேர்ந்து வரைகிற கோப்புகளின் விவரங்கள், எந்தக் கோப்பை யார் பார்க்கலாம் என்ற அனுமதிகள், ஓரத்தில் எழுதும் கருத்துகள் எல்லாம் அதற்குள் இருந்தன. 2022 முடிவதற்குள் அந்த ஒற்றைத் தரவுத்தளம் ஒரு டஜனாகப் பிரிந்து, கேஷும் (அடிக்கடி தேவைப்படுவதைக் கைக்கெட்டும் தூரத்தில் வைக்கும் அடுக்கு) ரீட் ரெப்ளிகாக்களும் (படிப்பதற்கு மட்டுமான நகல் தரவுத்தளங்கள்) சேர்ந்த வேறோர் அமைப்பாகிவிட்டது. நடுவில் நடந்ததை அந்நிறுவனத்தின் பொறியாளர்கள் 2023-லும் 2024-லும் விரிவாக எழுதி வெளியிட்டார்கள்.

இந்த நிகழ்வை எடுத்துக்கொள்ள எனக்கு ஒரு காரணம் உண்டு. கிளவுடில் தரவுத்தளத்தை வாடகைக்கு எடுக்கும்போது பேக்கப், பேட்ச், ஃபெயில்ஓவர் (ஒரு சர்வர் விழுந்தால் மாற்று சர்வருக்குத் தாவுவது), டிஸ்க் மாற்றுவது போன்ற தலைவலிகளைச் சேவை வழங்குநர் ஏற்றுக்கொள்கிறார். அது பெரிய நிம்மதிதான். ஆனால் நாம் எழுதி அனுப்பும் க்வெரி, அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி, நம்முடையது. அது எவ்வளவு நேரம் ஓடுகிறது, எத்தனை முறை ஓடுகிறது, எதற்காகக் காத்திருக்கிறது என்பதையெல்லாம் நாம்தான் பார்த்தாக வேண்டும். அதை ஃபிக்மா எப்படிப் பார்த்தது என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு முக்கியம். தரவுத்தளத்தைப் பிரித்தது அதன் விளைவு.

65 சதவீதம் ஏன் பயமுறுத்தியது

போக்குவரத்து ஆண்டுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு ஏறிக்கொண்டிருந்தது. உச்ச நேரத்தில் அந்த ஒற்றை சர்வரின் சிபியு 65 சதவீதத்தைத் தாண்டியது. க்வெரிக்கு ஆகும் நேரம் சீராக இல்லாமல் திடீர் திடீரென்று எகிற ஆரம்பித்தது, பயனர்களும் அதை உணர்ந்தார்கள்.

65 என்றால் இன்னும் 35 மிச்சம் இருக்கிறதே என்று தோன்றும். இரண்டு காரணங்களால் அது தவறான நிம்மதி.

முதல் காரணம் வரிசை. ஒரே கவுண்டர் உள்ள டிக்கெட் அலுவலகத்தை நினைத்துப் பாருங்கள். ஆட்கள் தாறுமாறான இடைவெளியில் வருகிறார்கள். கவுண்டர் பாதி நேரம் வேலையில் இருந்தால், காத்திருப்பும் சேர்த்து ஒருவருக்கு ஆகும் நேரம் வேலை நேரத்தைப் போல இரண்டு மடங்கு. 80 சதவீதம் வேலையில் இருந்தால் ஐந்து மடங்கு. 90 என்றால் பத்து மடங்கு. இது வரிசைக் கோட்பாட்டின் அடிப்படைக் கணக்கு. பல கோர்கள் உள்ள சர்வரில் இந்த வளைவு நெடுநேரம் தட்டையாகக் கிடக்கும், கடைசியில் செங்குத்தாக எழும். அதனால் அபாயம் இன்னும் கூடுகிறது. நேற்றுவரை ஒன்றும் தெரியாது, இன்று மத்தியானம் எல்லாம் நிற்கும்.

இரண்டாவது காரணம் காலம். ஆண்டுக்கு மூன்று மடங்கு என்ற வேகம் அப்படியே தொடர்ந்து, சிபியுவும் அதே விகிதத்தில் ஏறினால், 65-லிருந்து 100-ஐத் தொட எவ்வளவு நாள்? கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்து மாதம்கூட ஆகாது.

ஆகவே முதலுதவி. ஆர்5 வகை சர்வரில் 12எக்ஸ்லார்ஜ் அளவிலிருந்து 24எக்ஸ்லார்ஜ் அளவுக்குப் போனார்கள். அதாவது 48 விசிபியுவிலிருந்து 96-க்கு, 384 ஜிபி நினைவகத்திலிருந்து 768-க்கு. அந்த வரிசையில் அதற்கு மேல் அளவு கிடையாது. படிக்கும் வேலையைப் பகிர்ந்துகொள்ள ரெப்ளிகாக்கள் சேர்த்தார்கள். புதிய வசதிகளுக்குப் புதிய தரவுத்தளங்கள் தொடங்கினார்கள், பழையது மேலும் பெருகாமல் இருக்க. இணைப்புகளைத் தொகுக்க பிஜிபவுன்சரை முன்னால் வைத்தார்கள்.

இந்தக் கடைசி வேலை சின்னதாகத் தெரியும், சின்னதல்ல. போஸ்ட்கிரெஸில் ஒவ்வோர் இணைப்பும் இயங்குதளத்தின் தனிப் ப்ராசஸ். சும்மா உட்கார்ந்திருந்தாலும் நினைவகம் எடுக்கும். ஒவ்வொரு முறையும் யார் யார் ஓடிக்கொண்டிருக்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் உள்வேலை இணைப்பு எண்ணிக்கையோடு கூடும். ஃபிக்மாவில் இணைப்புகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. பிஜிபவுன்சர் நடுவில் நின்று, ஆயிரம் பேர் கேட்டாலும் பின்னால் சில இணைப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிக் கொடுக்கும். பின்னால் இதே பிஜிபவுன்சர் இன்னொரு பெரிய உதவி செய்தது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

சர்வரை இரட்டிப்பாக்கியதால் கிடைத்தது எவ்வளவு? அதே மூன்று மடங்குக் கணக்கில் இரட்டிப்பு என்பது ஏழரை மாதம். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வாங்க அடுத்த அளவு இல்லை. ரெப்ளிகாக்களும் ஓர் எல்லைவரைதான் உதவும். எழுதும் வேலை எல்லாம் முதன்மைத் தரவுத்தளத்துக்குத்தான் போக வேண்டும், அந்த எழுத்து வேலையே கணிசமாக இருந்தது. படிப்பதிலும் எல்லாவற்றையும் ரெப்ளிகாவுக்குத் தள்ள முடியாது. ஒருவர் கருத்தை எழுதிவிட்டு உடனே பக்கத்தைத் திறக்கிறார், ரெப்ளிகா ஒரு விநாடி பின்தங்கியிருக்கிறது என்றால் தான் எழுதியது காணாமல் போனதாக நினைப்பார். அனுமதி விஷயத்தில் இதே தாமதம் இன்னும் மோசம்.

மெதுவான க்வெரியா, அதிக நேரம் சாப்பிடும் க்வெரியா

இங்கேதான் பெரும்பாலான குழுக்கள் வழி தவறுகின்றன என்பது என் கருத்து. சிபியு ஏறியதும் ஸ்லோ க்வெரி லாகைத் திறக்கிறோம். போஸ்ட்கிரெஸில் ஒரு வரம்பு வைத்து, அதைவிட அதிக நேரம் எடுத்த க்வெரிகளை மட்டும் பதிவு செய்யச் சொல்லலாம். அதில் முதல் வரியில் நிற்பதைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் போராடுகிறோம். அது 30 விநாடியிலிருந்து 3 விநாடிக்கு இறங்குகிறது. சந்தோஷமாக கிராஃபைப் பார்த்தால் சிபியு அசையவே இல்லை.

ஒரு ஹோட்டல் சமையலறையில் சாயங்காலம் ஏழு மணி என்று வைத்துக்கொள்வோம். அல்வா கிண்ட ஒன்றரை மணி நேரம். தோசை இரண்டு நிமிடம். எந்தப் பண்டம் வேக அதிக நேரம் எடுக்கிறது என்று கேட்டால் பதில் அல்வா. ஆனால் அல்வா ஓர் அடுப்பில்தான் இருக்கிறது. மிச்சம் ஒன்பது அடுப்பிலும் தோசைக்கல். வாடிக்கையாளர் காத்திருப்பது தோசையால். இதைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு தோசைக்கும் நேரம் குறிக்கத் தேவையில்லை. அவ்வப்போது உள்ளே எட்டிப் பார்த்து, இந்தக் கணத்தில் எந்த அடுப்பில் என்ன இருக்கிறது என்று எழுதிக்கொண்டே வந்தால் போதும். நூறு முறை எட்டிப் பார்த்தபின் கணக்கு தானாக வந்துவிடும்.

ஃபிக்மா செய்ததும் அதுவேதான். அதற்குப் பெயர் சராசரி செயல்பாட்டு அமர்வுகள், அதாவது ஆவரேஜ் ஆக்டிவ் செஷன்ஸ். ஒரு க்வெரிக்காக ஒரு நேரத்தில் சராசரியாக எத்தனை அமர்வுகள் (தரவுத்தளத்தோடு திறந்திருக்கும் இணைப்புகள்) உழைத்துக்கொண்டிருக்கின்றன என்பதை அது சொல்லும். எண்ணிக்கை எப்படி மாறுகிறது என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு. 2 மில்லி விநாடி எடுக்கும் க்வெரி விநாடிக்கு 5,000 முறை ஓடினால், எந்த நேரத்திலும் சராசரியாக 10 அமர்வுகள் அதில் இருக்கும். 30 விநாடி எடுக்கும் அறிக்கை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடினால் 0.05 அமர்வு. மெதுவானது என்று நாம் துரத்திய அறிக்கையைவிட, வேகமானது என்று நாம் கண்டுகொள்ளாத க்வெரி 200 மடங்கு சுமை. ஸ்லோ க்வெரி லாகில் அந்த 2 மில்லி விநாடி க்வெரி ஒருமுறைகூடத் தென்படாது.

போஸ்ட்கிரெஸில் எட்டிப் பார்க்கும் ஜன்னலின் பெயர் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி. ஒவ்வோர் இணைப்பும் இப்போது என்ன நிலையில் இருக்கிறது, எந்த க்வெரியை ஓட்டுகிறது, எதற்காகக் காத்திருக்கிறது என்று ஒரு வரி. ஒரு அமர்வு செயலில் இருந்து, காத்திருக்கும் காரணம் காலியாக இருந்தால் அது சிபியுவில் இருக்கிறது அல்லது சிபியுவுக்காக நிற்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். டிஸ்கிலிருந்து பக்கம் வரக் காத்திருந்தால் ஒரு பெயர், பூட்டுக்காகக் காத்திருந்தால் இன்னொரு பெயர். 2016-ல் வந்த 9.6 பதிப்பிலிருந்து பூட்டு போன்ற காத்திருப்புக் காரணங்களும், 2017-ல் வந்த 10-ம் பதிப்பிலிருந்து டிஸ்க் காத்திருப்பும் விவரமாகக் கிடைக்கின்றன. ஒரே க்வெரிதான் மெதுவாக இருக்கிறது, ஆனால் காரணம் சிபியுவா, டிஸ்கா, பூட்டா என்பதைப் பொறுத்து வைத்தியம் முற்றிலும் வேறு. பூட்டுக்காக நிற்கும் (வேறொருவர் திருத்தி முடிக்கக் காத்திருக்கும்) க்வெரிக்கு, வரிகளைச் சீக்கிரம் தேடித் தரும் இண்டெக்ஸ் போட்டுப் பயனில்லை.

ஆர்டிஎஸ் தரும் பெர்ஃபார்மன்ஸ் இன்சைட்ஸ் கருவியும் இதே கருத்தில் கட்டப்பட்டது. விநாடிக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும். அன்றாடக் கண்காணிப்புக்கு அது தாராளமாகப் போதும். ஃபிக்மாவின் பொறியாளர்கள் தங்கள் தேவைக்காக 10 மில்லி விநாடிக்கு ஒருமுறை பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டியைப் படித்தார்கள். விநாடிக்கு நூறு தடவை. சில மில்லி விநாடிகளில் முடிந்துவிடும் க்வெரிகளும் அவற்றின் உண்மையான விகிதத்தில் பிடிபட வேண்டுமானால், குறைந்த நேரத்தில் நிறைய மாதிரிகள் வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு நெருக்கமான இடைவெளி என்பது என் புரிதல்.

அதைவிட எனக்குப் பிடித்த விஷயம் வேறு. எடுத்த மாதிரிகளை அவர்கள் க்வெரி வாரியாக நிறுத்திவிடவில்லை. டேபிள் பெயர் வாரியாகக் கூட்டினார்கள். ஏனென்றால் அவர்கள் எடுக்கவிருந்த முடிவு டேபிளைப் பற்றியது. எந்த டேபிளை வேறு தரவுத்தளத்துக்கு மாற்றினால் எவ்வளவு சிபியு விடுபடும்? இந்தக் கேள்விக்கு க்வெரிப் பட்டியல் நேரடியாகப் பதில் சொல்லாது. இண்டெக்ஸ் போடுவதா வேண்டாமா என்று யோசிக்கிறவருக்கு க்வெரி வாரியான கணக்கு வேண்டும். எந்த வாடிக்கையாளர் சுமையைக் கூட்டுகிறார் என்று தேடுகிறவருக்கு வாடிக்கையாளர் வாரியாக வேண்டும். ஒரே மாதிரிகள்தான், எந்தக் கோணத்தில் கூட்டுகிறோம் என்பதில்தான் பயன். டேஷ்போர்டில் இருபது கிராஃப் வைத்துக்கொண்டு ஒரு முடிவும் எடுக்க முடியாமல் தவிக்கிற குழுக்களுக்கு இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

ஃபிக்மா அளவுக்குப் போகாதவர்களுக்கு இன்னும் எளிய வழி உண்டு. பிஜி ஸ்டாட் ஸ்டேட்மெண்ட்ஸ் என்ற நீட்சி ஒவ்வொரு க்வெரி வடிவத்துக்கும் மொத்தம் எத்தனை முறை ஓடியது, மொத்தம் எவ்வளவு நேரம் எடுத்தது என்று சேர்த்துக்கொண்டே வரும். மதிப்புகளை நீக்கிவிட்டு வடிவத்தை மட்டும் வைத்துக்கொள்ளும் என்பதால், ஒரே க்வெரி ஆயிரம் வேறு எண்களோடு வந்தாலும் ஒரே வரியில் சேரும். பத்து மணிக்கு ஒரு நகல், பத்தே கால் மணிக்கு ஒரு நகல் எடுங்கள். மொத்த நேரத்தின் வித்தியாசத்தை 900 விநாடியால் வகுத்தால், அந்த க்வெரியின் சராசரி செயல்பாட்டு அமர்வுகள் கையில். கூட்டுத்தொகையை அப்படியே பார்த்தால் மூன்று மாதத்துக்கு முன் ஓடிய ஏதோ ஒன்று முதலிடத்தில் நிற்கும், அதனால் வித்தியாசம் எடுப்பது அவசியம்.

ஒரு சின்ன எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி க்வெரியின் உரையை இயல்பாக 1,024 பைட்டோடு வெட்டிவிடும். நிரலிலிருந்து க்வெரியைத் தானே உருவாக்கும் ஓஆர்எம் நூலகங்கள் எழுதும் க்வெரிகளில் நெடுவரிசைப் பெயர்கள் எல்லாம் முதலில் வரிசையாக வரும், டேபிள் பெயர் அதற்குப் பிறகுதான். டேபிள் வாரியாகக் கூட்ட உட்காரும்போது டேபிள் பெயரே வெட்டுப்பட்டிருக்கும். அந்த அளவைக் கூட்டலாம், ஆனால் தரவுத்தளத்தை மறுபடி தொடங்க வேண்டும். அவசரம் வருவதற்கு முன்பே அமைதியான ஒரு நாளில் செய்துவைத்துக்கொள்வது நல்லது.

பிரிக்கக்கூடியது எது

சுமையைப் பார்த்தாகிவிட்டது. அடுத்து வழி. தரவை வேறு வகைத் தரவுத்தளத்துக்கு மாற்றுவது பற்றியும், கிடைமட்டமாகத் தானே பங்கிட்டுக்கொள்ளும் தரவுத்தளங்கள் பற்றியும் ஃபிக்மா யோசித்தது. மொத்தத் தரவையும் பழக்கமில்லாத அமைப்புக்கு நகர்த்துவதும், பயன்பாட்டு நிரலைப் பெருமளவு திருத்துவதும் கையிலிருந்த நேரத்துக்கு ஒத்துவரவில்லை. ஆகவே செங்குத்துப் பிரிப்பு. டேபிள்களைக் கூட்டம் கூட்டமாகத் தனித் தரவுத்தளங்களுக்கு மாற்றுவது. ஒரு டேபிள் உடையாது, முழுதாக இடம் மாறும்.

இதில் ஒரு சிக்கல். இரண்டு டேபிள்களை இணைத்துப் படிக்கும் க்வெரி, ஒன்று இங்கும் மற்றொன்று அங்கும் போய்விட்டால் ஓடாது. இரண்டு டேபிளிலும் ஒரே பரிவர்த்தனையில் (முழுதாக நடக்கும் அல்லது நடக்கவே நடக்காத ஒரு தொகுப்பாக) எழுதியது, இனி பாதி இங்கே நின்று பாதி அங்கே போகலாம். அதனால் சுமை அதிகம் என்பதோடு, பிற டேபிள்களோடு ஒட்டு குறைவு என்பதும் பார்க்க வேண்டியிருந்தது. ஃபிக்மாவின் முக்கியப் பயன்பாடு ரூபி மொழியில் எழுதப்பட்டு, ஆக்டிவ் ரெக்கார்டு என்ற நூலகம் வழியாகத் தரவுத்தளத்தோடு பேசியது. அதில் க்வெரிகள் ஓடும் இடத்திலேயே சோதனைகளைச் செருகினார்கள். உண்மையான பயனர் போக்குவரத்தில் எந்த க்வெரி, எந்தப் பரிவர்த்தனை எந்தெந்த டேபிள்களைச் சேர்த்துத் தொடுகிறது என்ற தகவல் ஸ்னோஃப்ளேக் என்ற தரவு ஆய்வுத் தளத்துக்குப் போனது. எப்போதும் ஒன்றாகவே வரும் டேபிள்கள் எவை, தனியே நிற்பவை எவை என்று அங்கே பார்த்தார்கள்.

நிரலைப் படித்தே இதைக் கண்டுபிடிக்கலாமே என்று கேட்கலாம். ரூபி போன்ற மொழியில் அது நம்பத்தகுந்த வழியல்ல. ஓடும்போதுதான் எந்த க்வெரி உருவாகிறது என்று தெரியும். வாரத்துக்கு ஒருமுறை ஓடும் ஏதோ ஒரு பின்னணி வேலைதான் நீங்கள் மறந்த டேபிள் இணைப்பை வைத்திருக்கும்.

குடி மாறிய விதம்

இலக்கு மூன்று. பயனர்களைப் பாதிக்கும் நேரம் ஒரு நிமிடத்துக்குள் இருக்க வேண்டும், திரும்பத் திரும்பச் செய்ய முடிகிறபடி தானியங்கியாக இருக்க வேண்டும், தப்பு நடந்தால் திரும்பி வர வழி இருக்க வேண்டும்.

முதலில் பிஜிபவுன்சர் அடுக்கைப் பிரித்தார்கள். மாறவிருக்கும் டேபிள்களுக்கான க்வெரிகள் புதிய பிஜிபவுன்சருக்குப் போகும், ஆனால் அதன் பின்னால் இருப்பது அதே பழைய தரவுத்தளம். இதன் அழகைக் கவனியுங்கள். ஏதாவது ஒரு சேவை தவறான வாசலில் வந்து நின்றாலும் வேலை நடந்துவிடும், யாருக்கும் பிழை வராது. ஆனால் தவறான வாசலுக்கு யார் வந்தார்கள் என்பது தெரிந்துவிடும். வழிமாற்றம் முழுதும் சரியாகும்வரை அவசரமே இல்லை. அதோடு, பிஜிபவுன்சர்கள் தவிர வேறெதுவும் தரவுத்தளத்தை நேரடியாகத் தொட முடியாதபடி அமேசானின் செக்யூரிட்டி க்ரூப் விதிகளை (யார் எதோடு இணையலாம் என்ற நெட்வொர்க் விதிகளை) போட்டார்கள்.

அப்புறம் தரவை நகலெடுப்பது. முழுத் தரவுத்தளத்தையும் நகலெடுத்துவிட்டு வேண்டாததை அழிக்கும் வழி ஒன்று உண்டு. அவர்கள் லாஜிக்கல் ரெப்ளிகேஷனை, அதாவது டேபிளில் நடக்கும் மாற்றங்களைத் தொடர்ந்து இன்னொரு தரவுத்தளத்துக்கு அனுப்பும் முறையை, தேர்ந்தார்கள். அதில் வேண்டிய டேபிள்களை மட்டும் எடுத்துப் போகலாம், சேருமிடத்தில் போஸ்ட்கிரெஸின் வேறு பதிப்பே இருந்தாலும் பரவாயில்லை. குறை என்னவென்றால் பெரிய டேபிள்களின் முதல் நகலெடுப்பு மிக மெதுவாக நடந்தது. காரணத்தைத் தேடியபோது அகப்பட்டது இண்டெக்ஸ். தரவை மொத்தமாகக் கொண்டுவந்து கொட்டினாலும், இண்டெக்ஸ்களை ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாகப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. சேருமிடத்தில் இண்டெக்ஸ்களை நீக்கிவிட்டு, நகலெடுத்து முடித்தபின் மறுபடி கட்டினார்கள். நகலெடுக்கும் வேலை சில மணி நேரத்துக்குள் சுருங்கியது.

இது எல்லோருக்கும் பயன்படும் பாடம் என்பதால் ஒரு வரி கூடுதலாகச் சொல்கிறேன். இண்டெக்ஸ் என்பது வரிசைப்படுத்திய மரம். வரிகள் வரிசையில்லாமல் வரும்போது ஒவ்வொன்றுக்கும் மரத்தின் வேறு வேறு பக்கத்தைத் தேடிப் போய்ச் செருக வேண்டும். டேபிளில் எட்டு இண்டெக்ஸ் இருந்தால் எட்டு மரம். எல்லாத் தரவும் வந்தபின் கட்டினால் ஒரே தடவை வரிசைப்படுத்தி அடியிலிருந்து அடுக்கிவிடலாம். அன்றாட ஓட்டத்திலும் இதே விலையை நாம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். படிப்பதை வேகமாக்கச் சேர்த்த ஒவ்வோர் இண்டெக்ஸும் எழுதுவதைக் கொஞ்சம் இழுக்கிறது. யாரும் தொடாத இண்டெக்ஸ்களை பிஜி ஸ்டாட் யூசர் இண்டெக்ஸஸ் காட்டிக் கொடுக்கும். ரெப்ளிகாவில் மட்டும் பயன்படும் இண்டெக்ஸ் முதன்மையில் பயனற்றதாகத் தெரியும், அதையும் பார்த்துவிட்டு நீக்குங்கள்.

மாறும் நேரம். பழைய தரவுத்தளத்தில் அந்த டேபிள்களுக்கான போக்குவரத்தை நிறுத்து, இரண்டும் ஒரே நிலையில் இருக்கின்றனவா என்று லாக் நிலை எண்ணை (மாற்றங்களின் பதிவேட்டில் எதுவரை வந்திருக்கிறது என்று காட்டும் எண்) வைத்துச் சரிபார், பிஜிபவுன்சரைப் புதிய தரவுத்தளத்தின் பக்கம் திருப்பு, போக்குவரத்தைத் திற. திரும்பி வரும் வழிக்காக, புதியதிலிருந்து பழையதுக்கு எதிர்த்திசையில் ஒரு ரெப்ளிகேஷன் ஓட்டமும் வைத்தார்கள். மாறிய பின் புதியதில் எழுதியதெல்லாம் பழையதிலும் சேரும், அதனால் மணிக்கணக்கு கழித்துத் திரும்பினாலும் தரவு போகாது. இந்த ஓர் ஏற்பாடு இல்லாமல் எத்தனை இடமாற்றங்கள் நடக்கின்றன என்று நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

2022 அக்டோபரில், மிக அதிகப் போக்குவரத்து கொண்ட டேபிள்களில் இரண்டை மாற்றினார்கள். ஒவ்வொரு முறையும் பாதிப்பு சுமார் 30 விநாடி, அந்நேரத்தில் கைவிடப்பட்ட கோரிக்கைகள் சுமார் 2 சதவீதம். முடிந்தபின் அவர்களுடைய மிகப் பெரிய பிரிவின் சிபியு 10 சதவீதத்தை ஒட்டி ஓடியது.

சிபியு போய் அடுத்தது வந்தது

ஒரு தடை நீங்கினால் அடுத்த தடை தெரியும். ஒரு டேபிளை முழுதாகத் தூக்கி வேறு சர்வரில் வைக்கலாம், ஆனால் அந்த டேபிளே ஒரு சர்வருக்குப் பெரிதானால்? ஃபிக்மாவின் சில டேபிள்கள் பல டெராபைட்டும் நூறு கோடிக்கணக்கான வரிகளுமாக வளர்ந்தன. அதிகம் எழுதப்படும் டேபிள்கள், ஆர்டிஎஸ் தரக்கூடிய அதிகபட்ச டிஸ்க் செயல் எண்ணிக்கையையே சீக்கிரம் தாண்டிவிடும் நிலை. இதை சிபியு கிராஃப் காட்டாது.

வேக்குவமும் தொல்லை கொடுக்க ஆரம்பித்தது. போஸ்ட்கிரெஸில் ஒரு வரியைத் திருத்தினால் பழைய வரி அப்படியே இருக்கும், புதிய நகல் ஒன்று சேரும். இறந்த நகல்களைப் பின்னால் வந்து கூட்டுவது வேக்குவம். பரிவர்த்தனை எண்கள் தீர்ந்துபோகாமல் காப்பதும் அதுதான். அந்த எண் 32 பிட் அளவுடையது, சுமார் 210 கோடி பரிவர்த்தனைகளுக்குள் பழைய வரிகளை அது உறையவைத்துவிட வேண்டும். டேபிள் பெரிதாகப் பெரிதாக வேக்குவம் ஓடும் நேரமும் அதனால் வரும் சுமையும் கூடின, நம்பகத்தன்மை அடிபட்டது. ஆர்டிஎஸ் பயன்படுத்துகிறவர்கள் ஆட்டோவேக்குவம் தானாக நடக்கும் என்று விட்டுவிடுகிறார்கள். தானாகத்தான் நடக்கும். போதுமான வேகத்தில் நடக்கிறதா என்பதற்கு மட்டும் உத்தரவாதம் இல்லை.

ஆகவே 2022 இறுதியிலிருந்து கிடைமட்டப் பங்கீடு. ஒரே டேபிளின் வரிகளை, பயனர் எண், கோப்பு எண், அமைப்பு எண் போன்ற ஒரு திறவுகோலை வைத்துப் பல தரவுத்தளங்களில் பரப்புவது. இதற்காக பிஜிபவுன்சருக்கும் பயன்பாட்டுக்கும் நடுவில் டிபிப்ராக்ஸி என்ற சேவையை கோ மொழியில் எழுதினார்கள். அது வரும் க்வெரியைப் பிரித்துப் படித்து, எந்தப் பங்குக்குப் போக வேண்டும் என்று திட்டமிடும். திறவுகோல் இல்லாத க்வெரி எல்லாப் பங்குகளையும் தட்டிக் கேட்க வேண்டிவரும். அப்படிப்பட்டவை பெருகினால் பங்கிட்டதன் பயனே போய்விடும்.

இங்கும் அவர்கள் ஊகிக்கவில்லை, அளந்தார்கள். உண்மையான பயனர் க்வெரிகளை, பதில் தாமதமாகாதபடி பக்கவாட்டில், டிபிப்ராக்ஸியின் திட்டமிடும் பகுதி வழியாக ஓட்டினார்கள். இந்தத் திறவுகோலை வைத்தால் இந்த க்வெரிகள் எப்படி நடந்துகொள்ளும் என்ற விவரம் ஸ்னோஃப்ளேக்கில் சேர்ந்தது. அதைப் பார்த்துத்தான் எந்த வகை க்வெரிகளுக்கு ஆதரவு தருவது என்று முடிவு செய்தார்கள். அதிகம் வரும் 90 சதவீத க்வெரிகளுக்கு ஆதரவு, மிகச் சிக்கலானவற்றுக்கு இல்லை, அவற்றைப் பயன்பாட்டில் திருத்திக்கொள்ள வேண்டும். டேபிள்களை இணைப்பதும், ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவையாக இருந்து திறவுகோலின் மீதே இணையும்போதுதான் அனுமதி.

உண்மையில் பிரிப்பதற்கு முன், ஒரே தரவுத்தளத்துக்குள் வியூக்களை (டேபிளின் ஒரு பகுதியைத் தனி டேபிள்போலக் காட்டும் ஜன்னல்கள்) வைத்துப் பிரித்ததுபோலக் காட்டினார்கள். டேபிளின் மேல் பங்குக்கு ஒரு வியூ, எல்லா க்வெரியும் வியூ வழியாக. தரவு அசையவில்லை என்பதால் ஒரு ஸ்விட்சைத் திருப்பினால் பழைய நிலை. வியூவால் வேகம் குறையுமா என்ற கவலைக்கு, பயன்பாட்டில் இருந்த க்வெரிகளின் தொகுப்பொன்றை வியூவோடும் வியூ இல்லாமலும் ஓட்டிப் பார்த்தார்கள். பெரும்பாலானவற்றில் வித்தியாசம் சொற்பம், மிக மோசமான நிலையிலும் 10 சதவீதத்துக்குள். பிறகு நேரடிப் படிப்புப் போக்குவரத்தையே இரண்டு வழியிலும் அனுப்பி, விடையும் வேகமும் ஒத்துப்போகின்றனவா என்று ஒப்பிட்டார்கள்.

2023 செப்டம்பரில் முதல் டேபிள் பல சர்வர்களில் பிரிந்தது. வேலை தொடங்கி அதற்கு ஒன்பது மாதம் ஆகியிருந்தது. முதன்மைத் தரவுத்தளங்களில் பத்து விநாடிக்குப் பகுதிப் பாதிப்பு, ரெப்ளிகாக்களில் எதுவுமில்லை.